மினிகேப் பேட்ஜும் சாப்பாட்டுக் கடையும்: இங்கிலாந்தில் கவுன்சில் எப்படி முடிவெடுக்கிறது, நீங்கள் எப்படித் தயாராவது

இங்கிலாந்தில் மினிகேப் ஓட்டினாலும் தோசைக்கடை போட்டாலும் கவுன்சில் என்ற உள்ளூராட்சி அமைப்பைத் தாண்டிப் போக முடியாது. இரண்டுக்கும் சட்டம் வேறு, அதிகாரிகள் வேறு, மேல்முறையீடு போகும் வழியும் வேறு. ஆனால் நம்மவர்கள் சறுக்கும் இடம் மட்டும் ஒன்றுதான். தங்கள் கஷ்டத்தையும் தேவையையும் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் சட்டப்படி கேட்டாக வேண்டிய கேள்வி வேறாக இருக்கும். டாக்சியில் அந்தக் கேள்வி, இந்த ஆளை நம்பி ஒரு பயணியைத் தனியாக ஏற்றி அனுப்பலாமா என்பது. சாப்பாட்டுக் கடையில், அதிகாரி கண்ணில் படாத நாள்களிலும் இந்த அடுப்படி பாதுகாப்பாக ஓடுமா என்பது. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். லண்டனில் டாக்சி, மினிகேப் லைசென்ஸ் கவுன்சிலின் வேலை இல்லை. அதைத் தருவது லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருப்பவர் சாப்பாட்டுக் கடைக்கு மட்டுமே தன் பரோ (லண்டனின் உள்பகுதி) கவுன்சிலிடம் போவார். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள். கீழே டாக்சி பற்றிச் சொல்வது லண்டனுக்கு வெளியே உள்ள இங்கிலாந்துக்கு. கடை பற்றிச் சொல்வது இங்கிலாந்து முழுவதற்கும்.

ஹாக்னியா, பிரைவேட் ஹயரா

ஹாக்னி கேரேஜ் என்பது டாக்சி. தன் கவுன்சில் எல்லைக்குள் ஸ்டாண்டில் நிற்கலாம், தெருவில் கைகாட்டியவரை ஏற்றலாம். பிரைவேட் ஹயர் என்பது நாம் மினிகேப் என்று சொல்வது. லைசென்ஸ் உள்ள ஆபரேட்டர் வழியாக முன்பதிவு ஆன பயணத்தை மட்டுமே அது எடுக்கலாம். ரயில் நிலைய வாசலில் ஒருவர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "ஆப்பில் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்றால் இறக்கிவிட வேண்டியதுதான். பதிவில்லாமல் ஏற்றினால் சட்டவிரோதமாக ஆள் பிடித்த குற்றம் ஒன்று. அந்தப் பயணத்துக்கு உங்கள் காப்புறுதி செல்லாது என்பதால் காப்புறுதி இல்லாமல் ஓட்டிய குற்றம் இன்னொன்று. இரண்டாவதுக்கு மட்டுமே உங்கள் ஓட்டுநர் உரிமத்தில் 6 முதல் 8 தண்டப் புள்ளிகள். இதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் அவசரத்துக்கு உதவியதாக நினைத்தவர்கள். கவுன்சில் அந்த நினைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிரைவேட் ஹயருக்கு மூன்று லைசென்ஸ் வேண்டும்: ஓட்டுநருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, ஆபரேட்டருக்கு ஒன்று. மூன்றையும் ஒரே கவுன்சில் கொடுத்திருக்க வேண்டும். ஒரு ஊரின் பேட்ஜை (ஓட்டுநர் லைசென்ஸ்) வைத்துக்கொண்டு அடுத்த ஊர் பிளேட் (வண்டி லைசென்ஸ்) போட்ட வண்டியை ஓட்டினால் இரண்டுமே செல்லாது. ஓட்டுநர் லைசென்ஸ் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு, ஆபரேட்டருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு, வண்டிக்கு அதிகபட்சம் ஓராண்டுக்கு.

வண்டியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு லைசென்ஸ் கேட்பது தலைகீழ் வேலை. வண்டியின் வயது வரம்பு, புகை அளவு, நிறம், கதவின் மீது ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். விபத்தில் சிக்கி இன்சூரன்ஸ் கழித்துக்கட்டிய வண்டியை, எவ்வளவு நன்றாகப் பழுதுபார்த்திருந்தாலும், பல கவுன்சில்கள் ஏற்பதில்லை. எந்த ஆபரேட்டரிடம் வேலை செய்யப் போகிறீர்கள், அவர் எந்தக் கவுன்சிலில் பதிந்தவர் என்று தெரிந்துகொண்டு, அந்தக் கவுன்சிலின் வண்டிக் கொள்கையைப் படித்துவிட்டு வண்டி தேடுங்கள்.

பலருக்குத் தெரியாமல் குடும்பத்துக்குள் சண்டை மூட்டும் விதி ஒன்று உண்டு. லண்டனுக்கு வெளியே, பிரைவேட் ஹயர் பிளேட் போட்ட வண்டி எந்நேரமும் பிரைவேட் ஹயர் வண்டிதான். பேட்ஜ் இல்லாத மனைவியோ மகனோ கடைக்குப் போய்வர எடுத்தாலும் குற்றம். இன்சூரன்ஸில் அவர்கள் பெயரைச் சேர்த்தாலும் இது மாறாது.

தாள்களை எந்த வரிசையில் எடுப்பது

கேட்கும் தாள்கள் எல்லாக் கவுன்சிலிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொன்றும் எத்தனை நாள் செல்லும் என்பது வேறு. மெதுவாக வருவதை முதலில் தொடங்குங்கள், சீக்கிரம் காலாவதி ஆவதைக் கடைசியில் எடுங்கள். மாற்றிச் செய்தால் ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று செத்துவிடும்.

முதலில் வெளிநாட்டு நன்னடத்தைச் சான்று. 18 வயதுக்குப் பிறகு தொடர்ந்து மூன்று மாதமோ அதற்கு மேலோ பிரிட்டனுக்கு வெளியே இருந்திருந்தால் அந்தந்த நாட்டிலிருந்து இது வேண்டும். இலங்கையில் பொலிஸ் கிளியரன்ஸ், இந்தியாவில் பாஸ்போர்ட் அலுவலகமோ தூதரகமோ வழியாக வரும் பிசிசி என்ற பொலிஸ் சான்று. இடையில் வளைகுடாவில் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் சேர்த்து. தன் நாட்டு அரசிடம் போக முடியாது என்று சொல்லித்தான் அகதித் தகுதி பெற்றவர்கள், விண்ணப்பம் போடும் முன்பே அகதித் தகுதி ஆவணத்தோடு லைசென்சிங் பிரிவுக்கு எழுதி, இதற்குப் பதிலாக எதை ஏற்பார்கள் என்று எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கவுண்டரில் வாய்வார்த்தையாகக் கேட்டது மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்தது டிபிஎஸ் என்ற குற்றப்பதிவுச் சோதனை. வேண்டியது உயர்நிலைச் சோதனை. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வேலை செய்யத் தடை பெற்றவர்களின் இரண்டு பட்டியல்களும் அதில் சேர வேண்டும். முதியோர் இல்ல வேலைக்கு எடுத்த டிபிஎஸ் இங்கே உதவாது. அது வேறு பணிப்பிரிவுக்கானது. டாக்சிக்கு 'பிற பணியாளர்' பிரிவில் எடுக்க வேண்டும். சான்றிதழில் அச்சான தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்டேட் சர்வீஸில் (கவுன்சில் உங்கள் பதிவை இணையத்தில் மறுபடி பார்க்க வழி செய்யும் சந்தா) பதிந்துவிடுங்கள். கவுன்சில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் பதிவைப் பார்க்க வேண்டும் என்பது 2020 ஜூலையில் போக்குவரத்துத் துறை வெளியிட்ட சட்டப்பூர்வத் தரநிலை. அப்டேட் சர்வீஸ் இல்லாவிட்டால் அதற்கு ஒவ்வொரு முறையும் புது டிபிஎஸ் எடுக்க வேண்டியிருக்கும். ஆண்டுச் சந்தாவுக்கான வங்கி அட்டை காலாவதியாகி, சந்தா தானாக நின்றுபோய், முழு டிபிஎஸ்ஸையும் மறுபடி எடுப்பவர்கள் நிறைய. அட்டை மாறிய அன்றே அங்கேயும் மாற்றுங்கள்.

மருத்துவச் சோதனையில் பெரும்பாலான கவுன்சில்கள் பார்ப்பது லாரி, பஸ் ஓட்டுநருக்கான குரூப் 2 தரம். ஒரு கண்ணில் 6/7.5, மற்றதில் குறைந்தது 6/60 பார்வை வேண்டும். கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். உங்கள் ஜிபியோ (குடும்ப மருத்துவர்), உங்கள் முழு மருத்துவப் பதிவையும் பார்க்கக் கூடிய வேறு மருத்துவரோ கையெழுத்திட வேண்டும். பதிவைப் பார்க்காமல் பத்து நிமிடத்தில் முடித்துத் தரும் மலிவுச் சான்று திரும்பி வந்துவிடும். நம்மவர்களில் சர்க்கரை நோய் அதிகம். இன்சுலின் போடுவதாலேயே கதவு மூடிவிடாது, ஆனால் அளவுப் பதிவுகளைக் காட்ட வேண்டியிருக்கும். மறைத்துப் பிறகு பிடிபட்டால் சர்க்கரை பின்னுக்குப் போய் மறைத்ததே விஷயமாகிவிடும்.

வேலை செய்யும் உரிமையைக் காட்ட அரசு இணையதளத்தில் எடுக்கும் ஷேர் கோட் என்ற குறியீடு 90 நாள் செல்லும். காலவரம்புள்ள விசாவில் இருந்தால் லைசென்ஸும் விசா முடியும் நாள் வரைதான். மாணவர் விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: அதில் சுயதொழில் செய்யத் தடை. மினிகேப் ஓட்டுநர் பெரும்பாலும் சுயதொழில் கணக்கில்தான் வருவார். கார் வாடகைக்குக் கொடுப்பவர் "எல்லாரும் ஓட்டுகிறார்கள்" என்று சொல்வதை நம்பி விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதும், வேறு கவுன்சிலுக்கு மாறும்போதும் எச்எம்ஆர்சி என்ற வரித்துறையின் வரிச் சோதனைக் கோடு (குறியீடு) வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இது கட்டாயம். கோடு 120 நாள் செல்லும். வரிக் கணக்கே போடாதவருக்கு இங்கேதான் வண்டி நிற்கும். கடைசியாக டிவிஎல்ஏ என்ற ஓட்டுநர் உரிமத் துறையின் கோடு. அது 21 நாளில் செத்துவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் அதில் உண்டு, ஆகவே கையால் எழுதாமல் அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள்.

பழைய குற்றங்கள்

"அது காலாவதியான குற்றம், சொல்ல வேண்டியதில்லை" என்று நண்பர் யாராவது சொல்வார். டாக்சி லைசென்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது, பழையதையும் பார்ப்பார்கள். 2020 தரநிலை சொல்லும் காத்திருப்புக் காலங்கள் இவை: வன்முறைக்குப் பத்து ஆண்டு, போதைப்பொருள் விற்பனைக்குப் பத்து, ஆயுதம் வைத்திருந்ததற்கு ஏழு, ஏமாற்று, திருட்டு போன்ற நேர்மையற்ற குற்றங்களுக்கு ஏழு, குடித்துவிட்டு ஓட்டியதற்கு ஏழு, போதைப்பொருள் வைத்திருந்ததற்கு ஐந்து, ஓட்டும்போது கையில் போன் பிடித்திருந்ததற்கும் ஐந்து. தண்டனை முழுதும் முடிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். பாலியல் குற்றம், பிறரைச் சுரண்டிய குற்றம், உயிர் போகக் காரணமான குற்றம் ஆகியவற்றுக்குக் காத்திருப்பு என்ற பேச்சே இல்லை; லைசென்ஸ் கிடைக்காது.

போனுக்கு ஐந்து ஆண்டு என்பதைப் பார்த்துப் பலர் அதிர்ச்சி அடைவார்கள். ஆறு புள்ளிதானே என்று அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தவர், பேட்ஜ் கைவிட்டுப் போகும்போதுதான் அதன் முழு விலையைத் தெரிந்துகொள்கிறார். சிக்னலில் நிற்கும்போது கையில் எடுத்தாலும் கணக்கில் வரும். பிடிமானம் ஒன்றை டாஷ்போர்டில் பொருத்திவிடுங்கள், சில பவுண்டுதான்.

இந்த ஆண்டுகள் இரும்புச் சட்டம் அல்ல. கவுன்சில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், காரணம் இருந்தால் விலகலாம். ஆனால் விலகக் காரணம் காட்டுவது உங்கள் பொறுப்பு. "தகுதியும் ஒழுக்கமும் உள்ளவர்" என்று கவுன்சில் திருப்தி அடைந்தாலொழிய லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்பதுதான் டாக்சி, மினிகேப் லைசென்ஸ் பற்றிய 1976ஆம் ஆண்டுச் சட்டம். சந்தேகத்தின் பலன் உங்களுக்குக் கிடைக்காது.

ஒரு கவுன்சில் மறுத்தால் அடுத்த ஊரில் போட்டுப் பார்க்கலாம் என்ற பழைய தந்திரம் இப்போது எடுபடாது. 2023 ஏப்ரல் முதல், பாதுகாப்புக் காரணத்துக்காக மறுத்ததையும் இடைநிறுத்தியதையும் ரத்துச் செய்ததையும் கவுன்சில்கள் தேசியப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். முடிவெடுக்கும் முன் அதைப் பார்த்தாக வேண்டும். பதிவு 11 ஆண்டு இருக்கும். "முன்பு எங்காவது மறுக்கப்பட்டதுண்டா" என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினால், பழைய மறுப்போடு பொய்யும் சேர்ந்துகொள்ளும்.

குழுவின் முன்னால்

சிக்கல் இல்லாத விண்ணப்பங்களை அதிகாரிகளே முடித்துவிடுவார்கள். சந்தேகம் உள்ளவை கவுன்சிலர்கள் அடங்கிய லைசென்சிங் துணைக்குழுவுக்குப் போகும். அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி தரநிலையில் எழுதியே இருக்கிறது: உங்களுக்கு வேண்டிய ஒருவரை, அவர் எந்த நிலையில் இருந்தாலும், பகலோ இரவோ, இந்த ஆள் ஓட்டும் வண்டியில் தனியே அனுப்புவீர்களா? இல்லை என்பதே கூடுதலாகத் தோன்றினால் லைசென்ஸ் இல்லை.

ஆகவே வீட்டுக் கடன், மூன்று பிள்ளைகள், வேறு தொழில் தெரியாது என்பதெல்லாம் அங்கே எடைபோடப்படாது. ஓட்டுநரின் சொந்தக் கஷ்டம் பொருட்டல்ல என்று 2002இல் லீட்ஸ் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுபோல, "நான் செய்யவே இல்லை, வக்கீல் ஒத்துக்கொள்ளச் சொன்னார்" என்பதும் வேண்டாம். தண்டனை பதிவாகியிருந்தால் குழு அதற்குப் பின்னால் போய் மறுவிசாரணை செய்ய முடியாது. அப்படிச் சொல்பவர் இன்னும் திருந்தவில்லை என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

என்ன சொல்வது? அதிகாரியின் அறிக்கை விசாரணைக்கு முன்பே உங்களுக்கு வரும். அதில் தேதி, புள்ளி, சம்பவ விவரம் தப்பாக இருந்தால் உடனே எழுதித் திருத்துங்கள். பிறகு ஒரே பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதுங்கள்: என்ன நடந்தது, அதில் உங்கள் தவறு எது, அதன் பிறகு என்ன மாறியது, அதற்குச் சாட்சி என்ன. ஓட்டுநர் பயிற்சிச் சான்று, ஆபரேட்டரின் கடிதம், டேஷ்கேம் பதிவு என எது இருந்தாலும் இணையுங்கள். நற்சான்றுக் கடிதம் தருபவர் அந்தக் குற்றம் தனக்குத் தெரியும் என்று அதிலேயே எழுத வேண்டும். கோயில் தலைவர் "மிக நல்லவர், எந்தக் குற்றமும் செய்யாதவர்" என்று எழுதிக் கொடுத்த கடிதம், குற்றப்பதிவுக்குப் பக்கத்தில் வைக்கும்போது உங்களுக்கே பாதகம். துணைக்கு ஒருவரையோ வழக்கறிஞரையோ அழைத்துப் போகலாம். ஆனால் கேள்வி உங்களிடம்தான் வரும். உங்கள் ஆங்கிலத்தையும் அப்போதே கவனிப்பார்கள். நீளமாகப் பேசத் தேவையில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மறுப்போ ரத்தோ வந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். முடிவின் அறிவிப்பு உங்களுக்கு வழங்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள். சனி, ஞாயிறு உட்பட. கவுன்சிலுக்கு "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று ஈமெயில் அனுப்பிக் காத்திருந்தால் 21 நாள் ஓடிப்போகும். நீதிமன்றம் அதை நீட்டித் தராது. சாதாரண ரத்து 21 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் மேல்முறையீடு போட்டால் தீர்ப்பு வரை ஓட்டலாம். பொதுமக்கள் பாதுகாப்புக்காக 'உடனடியாக' என்று அறிவிப்பில் எழுதியிருந்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்த வேண்டும், மேல்முறையீடு போட்டாலும் ஓட்டக் கூடாது. அறிவிப்பில் முதலில் தேட வேண்டிய சொல் அதுதான். செலவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்: தோற்றால் கவுன்சிலின் வழக்குச் செலவு உங்கள் தலையில் விழலாம். ஜெயித்தாலும், கவுன்சில் நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்திருந்தால் உங்கள் வழக்கறிஞர் செலவு பொதுவாகத் திரும்பி வராது.

பேட்ஜ் வந்த பிறகு இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பாலியல், வன்முறை, நேர்மையற்ற குற்றம், எந்தப் போக்குவரத்துக் குற்றமானாலும், அதில் கைது, குற்றச்சாட்டு, தண்டனை எது வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும் என்பது தரநிலை. வண்டியின் பாதுகாப்பையோ ஓட்டத்தையோ தோற்றத்தையோ பாதிக்கும் விபத்துச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது சட்டம். வழிகாட்டி நாயோடு வரும் பயணியை மறுப்பது தனிக் குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம். நாயைக் கண்டால் பயம், பூஜை போட்ட வண்டி என்பவை விலக்காகாது. மருத்துவக் காரணத்துக்குக் கவுன்சில் தந்த விலக்குச் சான்று கையில் இருந்தால் மட்டுமே மறுக்கலாம்.

சாப்பாட்டுக் கடை: பதிவு சுலபம், மதிப்பெண்தான் கடினம்

உணவுத் தொழில் தொடங்கக் குறைந்தது 28 நாள் முன்னால் கவுன்சிலில் பதிய வேண்டும். இலவசம்; கவுன்சில் மறுக்கவும் முடியாது. வீட்டில் சமைத்து ஆர்டருக்குக் கொடுப்பவருக்கும் இது பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும் கடையை வாங்கினாலும் உங்கள் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும். பழைய முதலாளி வாங்கிய ஐந்து என்ற சுகாதார மதிப்பெண் உங்களோடு வராது, அந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள்.

பிறகு சூழல் சுகாதார அதிகாரி சொல்லாமல் வருவார். அவர் தரும் 0 முதல் 5 வரையான மதிப்பெண் வேல்ஸில் கட்டாயம் ஒட்ட வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஆனால் இணையத்தில் எல்லாரும் பார்க்கலாம்.

இதன் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதிகாரி மூன்று தலைப்பில் குறைப் புள்ளி போடுகிறார்: உணவைக் கையாளும் சுகாதாரம், கட்டடமும் சுத்தமும், நிர்வாகத்தின் மீதான நம்பிக்கை. முதல் இரண்டுக்கும் 0 முதல் 25 வரை. மூன்றாவதுக்கு 0, 5, 10, 20, 30. நடுவில் 15 கிடையாது. மொத்தம் 15க்குள் இருந்து எந்தத் தலைப்பிலும் 5ஐத் தாண்டாவிட்டால் 5 மதிப்பெண். மொத்தம் 20, எதிலும் 10ஐத் தாண்டாவிட்டால் 4. 25 அல்லது 30 என்றால் 3. அங்கேயும் எதிலும் 10ஐத் தாண்டக் கூடாது. 35 அல்லது 40 என்றால் 2; எதிலும் 15ஐத் தாண்டக் கூடாது. இப்போது பாருங்கள்: அடுப்படி பளபளவென்று இருக்கிறது, முதல் இரண்டிலும் 5, 5. ஆனால் எழுத்துப் பதிவு எதுவும் இல்லாததால் மூன்றாவதில் 20. மொத்தம் 30தான். ஆனாலும் 20 என்ற ஒற்றைப் புள்ளியால் மதிப்பெண் 1க்கு இறங்கிவிடும். "இவ்வளவு சுத்தமாக வைத்தும் ஒன்று போட்டுவிட்டான்" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

எனவே டயரிதான் கடையின் முதல் சாமான். உணவுத் தர முகமையின் 'சேஃபர் ஃபுட் பெட்டர் பிசினஸ்' தொகுப்பை இலவசமாக இறக்கி அச்சடித்து நிரப்புங்கள். தினமும் திறக்கும்போதும் மூடும்போதும் பார்த்தவற்றுக்குக் கையெழுத்து, தப்பு நடந்தால் என்ன நடந்தது, என்ன செய்தோம் என்று இரண்டு வரி, நான்கு வாரத்துக்கு ஒரு மறுபார்வை. முந்தைய இரவு ஒரே பேனாவால் மூன்று மாதத்தை நிரப்பியது எந்த அதிகாரிக்கும் தெரிந்துவிடும். ஒரு தப்புக்கூட எழுதாத டயரியையும் நம்பமாட்டார்கள். ஃப்ரிட்ஜ் கெட்டது, பாலைக் கொட்டினோம் என்று எழுதியிருப்பதுதான் நம்பிக்கை தரும்.

எண்கள் சில மனப்பாடமாக இருக்கட்டும். உங்களுக்கு மட்டுமல்ல, கடையில் நிற்கும் எல்லாருக்கும். ஃப்ரிட்ஜ் சட்டப்படி 8 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே. 5இல் வைத்தால் நிம்மதி. சூடாக வைத்து விற்பது 63 பாகைக்கு மேல். சமைக்கும்போது நடுப்பகுதி 70 பாகையில் இரண்டு நிமிடம். வெப்பமானியைக் கொதிநீரில் வைத்தால் 99க்கும் 101க்கும் நடுவிலும், ஐஸ் தண்ணீரில் -1க்கும் 1க்கும் நடுவிலும் காட்ட வேண்டும். சானிட்டைசர் பாட்டிலில் பிஎஸ் இஎன் (BS EN) 1276 அல்லது 13697 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதிகாரி கேட்கும் அடுத்த கேள்வி, "தெளித்துவிட்டு எத்தனை விநாடி விடுவீர்கள்" என்பது. பதில் பாட்டில் லேபிளிலேயே இருக்கும். தெளித்த கையோடு துடைத்தால் கிருமி அப்படியே இருக்கும்.

நம் சமையலில் மூன்று இடங்களில் உறுத்தும். ஒன்று சோறு. வடித்த சோற்றைச் சட்டியோடு மூடி வைத்தால் வேகும்போதும் சாகாமல் தப்பிய பசில்லஸ் என்ற கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சு உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அகலத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஃப்ரைட் ரைஸுக்கு நேற்றைய சோறு என்றால் அதற்கு லேபிளும் தேதியும் வேண்டும். இரண்டாவது, இருபது லிட்டர் சாம்பார் சட்டி. அது அப்படியே ஆற விடிந்துவிடும். ஆழமில்லாத டிரேக்களில் பிரித்து, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, 90 நிமிடத்தில் ஆற்றுங்கள்.

மூன்றாவது தோசை மாவு. இரவெல்லாம் அறை வெப்பத்தில் ஒரு வாளி மாவு நிற்பதைப் பார்த்தால் புளிப்பு தெரியாத அதிகாரிக்குத் திக்கென்றுதான் இருக்கும். வாதாட வேண்டாம். அரைத்த நேரம், புளித்து முடிந்த நேரம், ஃப்ரிட்ஜுக்குள் போன நேரம் மூன்றையும் எழுதுங்கள். புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாள் வாங்கி ஒவ்வொரு தடவை அரைத்ததையும் சோதித்து, 4.6க்குக் கீழே இறங்கியதைக் குறித்து வையுங்கள். ஏன் இது பாதுகாப்பு என்று அரைப் பக்கம் எழுதித் தொகுப்பில் சேர்த்துவிட்டால் கேள்வி அத்தோடு முடிந்துவிடும்.

ஒவ்வாமைப் பட்டியலில் 14 பொருள்கள். நம் கடைகள் மாட்டிக்கொள்வது கண்ணில் படாதவற்றில். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஆகவே "சாம்பாரில் குளூட்டன் இல்லை" என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள், டப்பாவின் லேபிளைப் படியுங்கள். கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதாவது தாளித்த எல்லாவற்றிலும். நல்லெண்ணெய் எள். சம்பலில் போடும் மாசி மீன். குருமாவில் அரைத்த முந்திரி. உளுந்தும் கடலைப் பருப்பும் பட்டியலில் இல்லை, வேர்க்கடலை இருக்கிறது. கடையிலேயே செய்து முன்கூட்டியே பொட்டலம் கட்டி விற்கும் ரோல்ஸுக்கும் முறுக்குக்கும் 2021 அக்டோபர் முதல் முழுச் சேர்பொருள் லேபிள் கட்டாயம்.

மதிப்பெண் தவறு என்று பட்டால் 21 நாளுக்குள் மேல்முறையீடு. மதிப்பெண் சரிதான், ஆனால் குறைகளைச் சரிசெய்துவிட்டோம் என்றால் மறுவருகை கேட்பதே மேல். பல கவுன்சில்கள் அதற்குக் கட்டணம் வாங்கும். எலி, கரப்பான், சுடுதண்ணீர் இல்லாமை, கழிவுநீர் பொங்கி வழிதல் போன்றவற்றில் உடனடி ஆபத்து என்று கண்டால் அந்த இடத்திலேயே கடையை மூடும் அறிவிப்பை ஒட்டுவார்கள். மூன்று நாளுக்குள் கவுன்சில் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். அந்த நாள்களில் உங்கள் வேலை பூச்சிக்கட்டுப்பாட்டு ஒப்பந்தம், ஓட்டை அடைத்ததற்கான படங்கள், ரசீதுகள். கதவில் ஒட்டிய தாளைக் கிழிக்காதீர்கள்.

இரவு 11 மணிக்கு மேல்

இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவோ தேநீரோ விற்றால் 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டத்தின்படி தனி லைசென்ஸ் வேண்டும். மதுவே விற்காவிட்டாலும் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் கடையின் வரி மதிப்பை (ரேட்டபிள் வேல்யூ) பொறுத்தது: 4,300 பவுண்டு வரை 100, 33,000 வரை 190, 87,000 வரை 315. வெளிர்நீலத் தாளில் அறிவிப்பை 28 நாள் கடை வாசலில் வெளியிலிருந்து படிக்கும்படி ஒட்ட வேண்டும்; செய்தித்தாள் அறிவிப்பு விதியைக் கவுன்சிலிடம் கேட்டுச் செய்யுங்கள். நடுவில் ஒருநாள் தாள் விழுந்துவிட்டால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். தினமும் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள்.

28 நாளில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் கவுன்சில் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். ஆட்சேபம் வந்தால் மூன்று கவுன்சிலர்கள் முன் விசாரணை. அங்கே எடுபடுவது குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லைத் தடுப்பு, சிறுவர் பாதுகாப்பு என்ற நான்கு மட்டுமே. பக்கத்துக் கடைக்கு வியாபாரம் கெடும் என்ற ஆட்சேபம் செல்லாது. போலீஸ் முன்கூட்டியே நிபந்தனைகளோடு பேச வருவார்கள். சிசிடிவி பதிவை 31 நாள் வைத்திருப்பது போன்றவை சரி, ஏற்கலாம். இரவெல்லாம் வாசலில் காவலாள் என்பது போன்றதை விசாரணையைத் தவிர்க்கும் அவசரத்தில் ஒத்துக்கொண்டால், பிறகு ஒரே ஒரு இரவு ஆள் வராவிட்டாலும் குற்றம் உங்களுடையது. நிறைவேற்ற முடியாததை விசாரணையிலேயே மறுத்துவிடுங்கள்.

இந்த லைசென்ஸும் திட்ட அனுமதியும் (பிளானிங் பர்மிஷன்) வேறு வேறு. சாதாரணக் கடையை டேக்அவே ஆக்கத் திட்டப் பிரிவின் அனுமதி தனியாக வேண்டும், அதில் கடை மூடும் நேரமும் எழுதியிருக்கலாம். லைசென்ஸில் 2 மணி, திட்ட அனுமதியில் 11 மணி என்றால் 11 மணிக்கே ஷட்டரை இறக்க வேண்டும். குத்தகையில் கையெழுத்துப் போடும் முன், அந்த முகவரியின் திட்ட வரலாற்றைக் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.